மீண்டு வந்தவர்

மாத்தளை மாவட்டத்தில் உயரத்தில் நின்று பொருளீட்டுவோர் பலர். கராம்பு பறிப்பவரும், மிளகுக் கொடிக்கு ஏணி சார்த்துபவரும், கித்துள் மரத்தில் பாளை சீவுபவரும் அத்தகையோர். நாவுல, தம்புள்ளை வழியாக வடக்கே செல்லும் ஏ9 பெருந்தெருவில் மோட்டார் சைக்கிள்களுக்கும் குறைவில்லை. ஆதலால், தலையில் அடிபட்டு ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார் என்ற செய்தி இங்கே புதிதன்று. உயிர் பிழைத்தார் என்றதும் ஊரார் ஆறுதலடைவர். குடும்பத்தாருக்கோ அதன்பின்னரே சோதனை தொடங்குகிறது.

காயத்தின் தழும்பை வளர்ந்த மயிர் மறைத்துவிடும், நடையும் தேறிவிடும். ஆயினும், பொறுமையே உருவாயிருந்த கணவர் இப்பொழுது உப்புக் குறைந்ததற்காகச் சோற்றுத் தட்டை வீசுகிறார். காலையிற் கேட்டதை நண்பகலில் மறக்கிறார். கண்ணூறு என்பார் ஒருவர். சோம்பல் என்பார் மற்றொருவர். இரண்டுமன்று. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியே சினத்தை அடக்குவதற்கும், எடுத்த வேலையை ஒழுங்காக முடிப்பதற்கும் பெரிதும் உதவுவது. தலை மோதுண்ணும்போது எளிதிற் காயப்படுவதும் அப்பகுதியே.

1848ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வெர்மொன்ற் மாநிலத்தில், இருப்புப்பாதைக்குப் பாறை பிளந்துகொண்டிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தின் வழியே, மூன்றடிக்கு மேல் நீளமான இரும்புக் கோல் புகுந்து உச்சந்தலையால் வெளியேறியது. அவர் பிழைத்தார், ஆனால், பழைய கேஜை அவரிடம் நண்பர்கள் காணவில்லை என வைத்தியர் ஹார்லோ 1868இல் எழுதினார். கதை சொல்வோர் பலர் இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றனர். அது நியாயமன்று. கேஜ் பிற்காலத்தில் சிலி நாட்டிற் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். நாள்தோறும் மாறாத அந்த வேலையொழுங்கே அவரை நிலைநிறுத்தியது எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

அவ்வொழுங்கைத் தோட்டத்து லயத்திலும் உண்டாக்கலாம். உணவும் உறக்கமும் குறித்த நேரத்தில் நிகழட்டும். ஒரு வேளையில் ஒரு வேலையை மட்டும் சொல்லுதல் வேண்டும். செய்ய வேண்டியதை நாட்காட்டியிற் குறித்து வைத்தல் வேண்டும். கடினமானது அமைதிதான். காயமுற்ற மூளை இரைச்சலைத் தாங்காது; பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலோ அடுத்த வீட்டுப் பேச்சும் காதில் விழும். இவ்வுரையைத் தரும் வானொலியையும் சற்றுத் தணித்து வைப்பது நன்று!

தேற்றம் முதல் ஆறு மாதங்களில் விரைவாக இருக்கும். பின்னரும் ஆண்டுக்கணக்கிற் சிறுகச் சிறுகத் தொடரலாம். றாகமையிலும் கண்டிக்கு அண்மையில் திகனையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உண்டு. ஆனால், இரத்தோட்டை மலைத் தோட்டமொன்றிலிருந்து திகனைக்குப் போய்வந்தால் கொழுந்து பறிக்கும் மனைவியின் ஒரு நாட்கூலி போய்விடும். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்மீது குறைகூறுமுன் இக்கணக்கையும் பார்த்தல் தகும்.

இறந்தவருக்காக அழலாம், கருமாதியும் உண்டு. உயிரோடு எதிரே அமர்ந்திருப்பவரை இழந்ததாக எவரிடம் சொல்லி அழுவது? அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என அழைத்தார். அம்மனைவிக்கு உறவினர் வழங்கும் அறிவுரை ஏராளம். அவற்றினும் பயனுடையது, நாத்தனார் வாரத்தில் ஓர் அரைநாள் வந்து தமையனுடன் இருப்பது. அவ்வேளையில் அப்பெண் முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போய்வரலாம். அல்லது, பக்கத்து வீட்டிற் பாய் விரித்து உறங்கலாம்.