முதல்ல தலைக்கவசம், அப்புறம் மிஷின்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பழக்கம். சத்தம் கூடிப்போனா பொறுத்துக்கணும்.

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக்கருவேலைப் பத்தி யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணியை உறிஞ்சுது, நிலத்தைக் கெடுக்குதுன்னு திட்டுறோம். ஆனா மழை பொய்ச்ச வருஷமெல்லாம் அடுப்பெரிஞ்சது அந்த விறகையும் கரிமூட்டத்தையும் வச்சுத்தான். நானும் என் மதினியும் பத்து வருஷம் அரிவாளும் கோடாரியுமா கருவை வெட்டினவங்க. ரெண்டு பேரும் விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் வெட்டினா அரை டன் தேறும். அப்ப எங்க பக்கம் டன்னுக்கு 800 ரூபாய் வெட்டுக்கூலி. ஆளுக்கு 200 ரூபாய். முள்ளு குத்தினதுக்கு மருந்து தனி.

2019-ல் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். மரம் அறுக்கிற மிஷின் வாங்கத்தான். டவுனில் ஒரு கடையில் 9,500 சொன்னாங்க. அதை வாங்கி, மிச்சத்தில் பாதியைப் பழைய கடனுக்குக் கொடுத்துட்டேன். தலைக்கவசம் இல்லை, பூட்ஸ் இல்லை, மாத்துச் செயின் இல்லை. காலில் ரப்பர் செருப்பு, தலையில் துண்டு. மிஷின் வந்தாச்சுல்ல, இனி காசுதான்னு நினைச்சேன்.

இருபதாவது நாள் மிஷின் நின்னுபோச்சு. கயித்தை இழுத்தா வரவே இல்லை. மெக்கானிக் கழட்டிப் பார்த்துட்டு, "ஆயில் கலக்காம பெட்ரோல் ஊத்திட்டீங்களாம்மா, பிஸ்டன் பிடிச்சிருச்சே" என்றார். பழைய டிவிஎஸ் ஃபிப்டிக்கு ஆயில் கலந்து ஊத்துவோமே, அதே மாதிரிதான் இதுக்கும். என் மிஷினுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ-டி ஆயில். சில மிஷினுக்கு 20 மில்லி போதும். மிஷினோட வர்ற புத்தகத்தில் அளவு போட்டிருக்கும், பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்க. அன்னைக்கு நான் அவசரத்தில் கேனை மாத்தி எடுத்துட்டேன். தப்பு என்னுதுதான். ரிப்பேர் 3,200 ரூபாய்.

ரெண்டு மாசம் தவணை கட்டலை. குழுக் கூட்டத்துக்குப் போகவே கூசுச்சு. மூணாவது மாசம் போய், இன்னும் 6,000 வேணும்னு கேட்டேன். ஒரு அக்கா நேருக்கு நேரா, "முதக் கடனே நிக்குது, எங்க சேமிப்பை வச்சு நீ விளையாடுறியா?" என்று கேட்டாங்க. அழுகை வந்துச்சு. ஆனா அவங்க கேட்டது நியாயம். அந்தப் பணம் அவங்க வாரா வாரம் வாயைக் கட்டிச் சேர்த்தது.

கணக்கு நோட்டை எடுத்து வச்சேன். மிஷின் ஓடின நாளில் நாலு பேர் சேர்ந்து மூணு டன் போட்டோம், 2,400 ரூபாய். பெட்ரோல், ஆயில், செயின் தேய்மானம் 400. மிஷினுக்குன்னு 400. மிச்சம் 1,600, ஆளுக்கு 400. கோடாரிக் கூலியைப் போல ரெண்டு மடங்கு. அதே அக்காதான் கடைசியில் சொன்னாங்க: "சரி, கொடுப்போம். ஆனா முதல்ல தலைக்கவசமும் பூட்ஸும் வாங்கி வந்து காட்டு. அப்புறம்தான் ரிப்பேருக்குப் பணம்." தீர்மான நோட்டிலும் அப்படியே எழுதினாங்க. எனக்கு அப்ப கோபம்தான் வந்துச்சு.

நாலு மாசம் கழிச்சு ஒருநாள், அடர்ந்த தூரில் ஒரு கொப்பை அறுத்துக்கிட்டிருந்தேன். பின்னாடி மறைஞ்சிருந்த கட்டையில் பிளேடோட நுனி பட்டுருச்சு. கண் இமைக்கிறதுக்குள்ள மிஷின் முகத்தைப் பார்க்க எகிறுச்சு. இடது கை மணிக்கட்டு முன் தகட்டில் தட்டி பிரேக் விழுந்து, செயின் நின்னுச்சு. தலைக்கவசத்தோட முன் வலை நசுங்கிப்போச்சு. முகத்தில் ஒரு கீறல் இல்லை. அந்தத் தலைக்கவசத்தை இன்னைக்கும் வீட்டில் ஆணியில் மாட்டி வச்சிருக்கேன். அந்த அக்காவும் இங்கதான் உட்கார்ந்திருக்காங்க.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற தங்கச்சிமாருக்குச் சொல்றேன். கையில் 20,000 இருந்தா மிஷினுக்குப் பாதிக்கு மேல போடாதீங்க. மிச்சத்தில் முன் வலையும் காதுமூடியும் வச்ச தலைக்கவசம், பூட்ஸ், கையுறை, ஒரு மாத்துச் செயின், ரெண்டு உருண்டை அரம், ஒரு மாசத் தவணை. இதெல்லாம் போகத்தான் மத்தது. செயினைத் தடுக்கிற தொடைக்காப்பு விலை கூட. நான் காசு சேர்ந்த பிறகு வாங்கினேன். கெட்டித்துணிப் பேண்ட் முள்ளைத் தடுக்கும், செயினைத் தடுக்காது. முடிஞ்சா முதல் மாசம் வாடகை மிஷினில், தெரிஞ்சவங்க பக்கத்தில் நின்னு பழகுங்க.

செயின் மண்ணில் பட்டா அந்த நிமிஷமே மழுங்கிரும். சிலாம்பு சிலாம்பா தூள் விழுந்தா செயின் கூர்மை. மாவு மாதிரி விழுந்தா நிறுத்தி அரம் போடணும். மழுங்கின செயினை அழுத்தி அறுத்தா பெட்ரோலும் போகும், கையும் போகும்.

தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. நுனியால் அறுக்கக் கூடாது. கருவை கோணல்மாணலா வளைஞ்ச மரம். வளைஞ்ச கொப்பில் வில்லு மாதிரி விசை இருக்கும். படுக்கையா நீட்டி நிக்கிற கொப்பை அடியில் கொஞ்சம் அறுத்துட்டு, பிறகு மேலிருந்து அறுக்கணும். மேலிருந்து மட்டும் அறுத்தா பாதியில் கிழிஞ்சு ஆளை அடிக்கும். தனியா ஒருநாளும் போகக் கூடாது. மிஷின் சூடு ஆறின பிறகுதான் பெட்ரோல் ஊத்தணும்.

பட்டா நிலம்னா சொந்தக்காரர்கிட்ட பேசி வெட்டலாம். கண்மாய், புறம்போக்கு மரத்தில் முறையா ஏலமோ உத்தரவோ இல்லாம கை வைக்காதீங்க. மிஷினும் போகும், பேரும் போகும்.

இன்னொன்னு. பிரதமரின் சுரக்ஷா பீமா விபத்துக் காப்பீடு வருஷத்துக்கு 20 ரூபாய்தான். 18 வயசுல இருந்து 70 வரைக்கும் வங்கிக் கணக்கு உள்ள எல்லாரும் சேரலாம். விபத்தில் உயிர் போனா குடும்பத்துக்கு 2 லட்சம். மிஷின் பிடிக்கிறவங்க மட்டுமில்லை, விறகு அடுக்குறவங்களும் போடணும்.

ரெண்டு கடனும் கட்டி முடிச்சாச்சு. இப்ப எங்க குழுவில் ரெண்டு மிஷின் ஓடுது. மதினியும் பிடிக்கிறாங்க. கடன் கேட்டு ஒருத்தி வந்து நின்னா, பணத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீங்க. அந்த அக்கா என்கிட்ட கேட்ட மாதிரி நாலு கேள்வி கேளுங்க. அந்தக் கேள்விதான் என் முகத்தைக் காப்பாத்துச்சு.