இரட்டைச் செயலிகளுள் எதைத் தேர்வது?



ஒரே குலையில் காய்த்த இரண்டு இளநீர்க் காய்களைக் கையில் ஏந்தி, இவற்றுள் எது இனிக்கும் என்று தட்டிப் பார்த்துச் சொல்லிவிட இயலாது. வெட்டிக் குடித்தால்தான் தெரியும். கணிப்பொறிக் கடையிலோ வெட்டிப் பார்க்கும் வசதி இல்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களும் கடைக்காரர் சொல்லும் சொல்லுமே நமக்குக் கிட்டும் சான்றுகள். ஊரைவிட்டு வந்து தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ கொல்கத்தாவிலோ தொழில் நடத்தும் நம்மவருக்கு இன்னொரு தடையும் உண்டு. பிறமொழியில் பேரம் பேசத் தெரிந்தவரும் பிறமொழியில் ஐயம் கேட்கக் கூசுவர். 'தேஜ் ஹை' என்று கடைக்காரர் சொன்னவுடன், 'எந்த வேலைக்கு?' என்று திருப்பிக் கேளாமலே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றோம். அந்தப் பணம், சில வீடுகளில், தாயாரின் நகையை அடகு வைத்துப் பெற்றதாகவும் இருக்கும். ஆதலின் இப்பொருளைப் பற்றிச் சற்றுச் சிந்திப்பது நலம்.

நாம் பொறியியல் பயின்றவர் அல்லோம். கலைப்பாடம் கற்று, நடுவண் அரசுப் பணியில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்து வருகின்றோம். கருவிகள் வாங்குவதற்கான ஒப்பீட்டு அட்டவணைகளும் எங்களைப் போன்றோர் மேசைக்கு வருவதுண்டு. ஒரு சொல்லை இன்னொரு மொழியில் எழுதவேண்டுமாயின், அது குறிக்கும் பொருள் முதலில் விளங்கியாகவேண்டும் அன்றோ? அவ்வாறு விளங்கிக்கொள்ள முயன்றதில் கிடைத்த தெளிவையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

கட்டடம் வரைவோர், திரைப்படக் காட்சிகளைச் செயற்கையாய் உருவாக்குவோர், பொறியியல் கணக்கீடு செய்வோர் ஆகியோர் பயன்படுத்தும் ஆற்றல் மிக்க கணிப்பொறியைக் கடைத்தெருவில் 'ஒர்க்ஸ்டேஷன்' என்பர். அதன் மூளையாக விளங்குவது செயலி. எடுத்துக்காட்டாக, ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனம் வடிவமைத்த இரண்டு செயலிகளைக் கொள்வோம். ஒன்று, ரைசன் திரெட்ரிப்பர் 3970எக்ஸ். இது 2019 நவம்பரில் வெளிவந்தது. மற்றொன்று, ரைசன் திரெட்ரிப்பர் புரோ 3975டபிள்யூஎக்ஸ். இது 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, முதலில் முழுக் கணிப்பொறியோடு மட்டுமே கிடைத்துப் பின்னர் 2021-இல் தனியாகவும் விற்பனைக்கு வந்தது. பெயர்கள் நீளமாதலின், முன்னதை மூத்தது என்றும் பின்னதை இளையது என்றும் குறிப்போம்.

இவ்விரண்டுக்கும் பின்னர்ப் புதிய தலைமுறைகள் வந்துவிட்டன என்பது உண்மையே. எனினும், பெரிய நிறுவனங்கள் புதியன வாங்கும்போது பழையன கைமாறுவது உலகியல்பு. நேரு பிளேசிலும் லாமிங்டன் சாலையிலும் எஸ்.பி. சாலையிலும் சிக்கனம் கருதிப் பழம்பொருள் தேடுவோர் இத்தகைய இரட்டையரைக் காண நேரலாம். மேலும், இந்த இரண்டையும் ஒப்பிடக் கற்றவர், நாளை வேறு எந்த இரண்டையும் ஒப்பிட வல்லவராவர்.

முதலில் ஒற்றுமைகளைக் காண்போம். இரண்டிலும் 32 உட்கருக்கள் உள்ளன. ஒவ்வொரு கருவும் ஒரே சமயத்தில் இரண்டு இழைகளாக வேலை செய்வதால், இழைகள் 64. இரண்டும் 'சென் 2' என்னும் ஒரே அமைப்பைச் சார்ந்தவை. எட்டுக் கருக்கள் கொண்ட சில்லு நான்கினைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. மூன்றாம் படி இடைநினைவகம் இரண்டிலும் 128 மெகாபைட். மின்திறன் அளவும் இரண்டுக்கும் 280 வாட். இவ்வளவையும் கண்டபின், 'பெயர்தான் வேறு, பொருள் ஒன்றே' என்று எண்ணத் தோன்றும். அங்ஙனம் அன்று.

இதனை விளக்க நம் கலியாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளலாம். உட்கருக்கள் என்பவர் 32 சமையற்காரர். அவர்கள் கை எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதே கிகாஹெர்ட்ஸ் என்னும் அளவு. பக்கத்திலேயே வைத்திருக்கும் அஞ்சறைப்பெட்டி, இடைநினைவகம். அரிசியும் பருப்பும் காய்கறியும் குவிந்திருக்கும் உக்கிராண அறை, நினைவகம். அந்த அறைக்குள் சென்று வரும் வாயில்களே நினைவகத் தடங்கள்.

கைவேகத்தில் மூத்ததே முந்துகிறது. அதன் அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.5. இளையதற்கு அவை முறையே 3.5-உம் 4.2-உம் ஆகும். உச்ச வேகத்தில் வேறுபாடு நூற்றுக்கு ஏழு என்னும் அளவினது. வேகம் ஒன்றையே சார்ந்த வேலையாயின், மூத்தது 60 நிமிடத்தில் முடிப்பதை இளையது முடிக்க ஏறத்தாழ 64 நிமிடம் ஆகும். நாள்தோறும் பத்து முறை செய்யும் வேலையாயின் இந்த நான்கு நிமிடம் பொருட்படுத்தத்தக்கதே. இரவில் ஓடவிட்டு உறங்கச் செல்லும் வேலையாயின் அதனால் யாதொரு நட்டமும் இல்லை.

'32 பேர் இருக்க, ஒருவரது கைவேகம் ஏன் பெரிதாகவேண்டும்?' என்று கேட்கலாம். இதற்கு ஜீன் ஆம்டால் என்ற அறிஞர் 1967-இல் முன்வைத்த ஒரு கருத்து விடை தருகிறது. ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கை ஒருவரே செய்து தீரவேண்டும், எஞ்சியதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 32 பேரை அமர்த்தினாலும் வேலை 32 மடங்கு விரைவதில்லை. எட்டு மடங்குகூட நிறைவதில்லை. சாம்பாருக்குப் புளி கரைப்பவர் ஒருவரானால், மற்றவர் அவர் கையைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கவேண்டும்? வரைபடம் தீட்டுவது, முப்பரிமாண உருவத்தைத் திருத்துவது போன்றவற்றில் ஒற்றைக் கருவின் வேகமே பெரும்பாலும் முன்னிற்கும். அவற்றையே நாள் முழுவதும் செய்பவருக்கு இவ்விரண்டுமே வேண்டியதில்லை. குறைந்த கருக்களும் மிகுந்த வேகமும் கொண்ட சிறிய செயலியே போதுமானது. முப்பரிமாணக் காட்சியை முழுப் படமாக உருவாக்கி எடுக்கும் வேலையோ எல்லாக் கருக்களுக்கும் பங்கிட ஏற்றது. அதில் உக்கிராணத்துக்கு ஓடுவதும் குறைவு. அங்கே மூத்தது சிறிது முந்தி நிற்கும், விலையும் குறைவு.

இனி உக்கிராண வாயில்களைப் பார்ப்போம். மூத்ததற்கு வாயில்கள் நான்கு, இளையதற்கு எட்டு. டி.டி.ஆர். 4 வகையில் 3200 என்னும் வேகமுடைய நினைவகத்தைப் பொருத்தினால், ஒரு தடத்தின் வழியே ஒரு நொடிக்கு 25.6 கிகாபைட் செல்லலாம். ஆகவே மூத்தது பெறக்கூடிய உச்சம் 102.4 கிகாபைட்; இளையது பெறக்கூடியது 204.8. நடைமுறையில் கிடைப்பது இதனிற் குறைவே ஆயினும், விகிதம் ஏறக்குறைய அதுவே. காற்றும் நீரும் ஒரு பொருளைச் சுற்றி எங்ஙனம் ஓடும் என்று கணிப்பது போன்ற பெருங்கணக்குகளில், ஓயாமல் நினைவகத்திலிருந்து எண்களை எடுக்கவும் வைக்கவும் வேண்டியிருக்கும். அங்கே சமையற்காரர் எத்துணை விரைவினராயினும், வாயிலில் வரிசையாகக் காத்து நிற்பர். அத்தகைய வேலையில் கைவேகம் குறைந்த இளையதே முன்னே செல்லும்.

கொள்ளளவிலும் வேறுபாடு உண்டு. மூத்தது தாங்கும் நினைவகம் 256 கிகாபைட் வரை. இளையது 2 டெராபைட் வரை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எட்டுத் தடங்கள் இருப்பினும், நினைவகத் தகடுகள் இரண்டை மட்டும் செருகினால் இரண்டு வாயில்களே திறக்கும். எட்டுத் தகடுகளையும் உரிய இடங்களில் பொருத்தினால்தான் எட்டும் திறக்கும். இளையதற்கு மிகுதியாகப் பணம் கொடுத்துவிட்டு, தகட்டில் சிக்கனம் பிடிப்பது, பெரிய வீடு கட்டி வாயிலை அடைத்து வைப்பதற்கு ஒப்பாகும்.

அடுத்து, வெளிக்கருவிகளோடு செயலியை இணைக்கும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழிகள். இரண்டும் நான்காம் தலைமுறை வழிகளே. மூத்த செயலியிலிருந்து புறப்படுபவை 64, இளையதிலிருந்து 128. இரண்டிலும் 8 வழிகள் தாய்ப்பலகையின் துணைச்சில்லுக்கே போய்விடும். வரைகலை அட்டை ஒன்று முழு அகலத்தில் இயங்க 16 வழிகள் வேண்டும். ஆகவே, நான்கு அட்டைகளை முழு அகலத்தில் பொருத்த விரும்புவோர்க்கு மூத்தது உதவாது. ஓர் அட்டையோ இரண்டோ போதும் என்போர்க்கு அதுவே தாராளம்.

மொழிபெயர்ப்புத் தொழில் செய்வோர் நெஞ்சுக்கு நெருக்கமான செய்தி ஒன்று இனி வருகிறது. அதுதான் பிழை. 'அறை வாடகை' என்பது 'அரை வாடகை' என்று அச்சாகிவிட்டால் அதன் விளைவு என்ன ஆகும் என்பது நேயர்கள் அறியாததன்று. நினைவகத்திலும் எப்போதேனும் ஒரு பூச்சியம் ஒன்றாகப் புரண்டுவிடுவதுண்டு. பிழை திருத்தும் நினைவகம், ஒற்றைப் பிழையைத் தானே திருத்திவிடும். இரட்டைப் பிழையாயின் கண்டு அறிவிக்கும். மூத்ததிலும் இவ்வகை நினைவகத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் தாய்ப்பலகை அதற்கு இடங்கொடுக்கவேண்டும். பெரிய கொள்ளளவுக்கு உரியனவும், கடைக்காரர் 'ரிஜிஸ்டர்டு' என்று சொல்பவையுமான தகடுகளை இளையது மட்டுமே ஏற்கும். அன்றியும், நினைவகத்தில் உள்ளவற்றை மறைகுறியாக்கிக் காக்கும் வசதியும் இளையதில் சேர்க்கப்பட்டுள்ளது. பாலத்தின் பளுவைக் கணிப்பவருக்கு இவை அணிகலன் அல்ல, தேவை. திருமணப் படச்சுருள் தொகுப்பவருக்கு ஒரு புள்ளியின் நிறம் மாறினால் குடிமுழுகிவிடாது.

விலையைப் பார்ப்போம். வெளிவந்த காலத்தில் மூத்ததற்கு நிறுவனம் குறித்த விலை 1,999 டாலர். தனியே விற்பனைக்கு வந்தபோது இளையதன் விலை 2,749 டாலர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல். எனினும் செயலியின் விலை மட்டும் விலையாகாது. இரண்டும் ஒரே தாய்ப்பலகையில் அமரமாட்டா. மூத்தது அமரும் பொருத்துகுழியின் பெயர் எஸ்.டி.ஆர்.எக்ஸ்.4, அதற்கென்று மூன்று செயலிகளே வந்தன, அவற்றோடு அவ்வழி முடிந்தது. இளையது அமரும் எஸ்.டபிள்யூ.ஆர்.எக்ஸ்.8 என்னும் குழியில், 2022-இல் வந்த 5000 வரிசைச் செயலிகளையும் பொருத்தலாம். 2023-இல் வந்த 7000 வரிசைக்கோ வேறு குழி ஏற்பட்டது. ஆகவே, பின்னாளில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர்க்கு, மூத்ததில் ஏறிச்செல்ல அதே வரிசையின் 64 கரு கொண்ட செயலியோடு படி முடிந்துவிடும். இளையதில் ஒரு தலைமுறைக்கு இடமுண்டு.

பழம்பொருளாக இளையதை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். முழுக் கணிப்பொறி விற்கும் சில நிறுவனங்கள், பாதுகாப்புக் கருதி, செயலியைத் தம் தாய்ப்பலகையோடு பூட்டிவிடுவது உண்டு. அங்ஙனம் பூட்டிய செயலி வேறு நிறுவனத்தின் பலகையில் இயங்காது. இந்தப் பூட்டு ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். திறக்கச் சாவி இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனிச்செயலியை வாங்கி, வீட்டுக்கு வந்து பொருத்தியபின் திகைப்பதைவிட, கடையிலேயே வேற்றுப் பலகையில் பொருத்தி இயக்கிக் காட்டச் சொல்வது நன்று.

மின்கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே. 280 வாட் வீதம் நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் முழுவீச்சில் உழைத்தால், மாதத்தில் 25 நாளுக்குச் செயலி மட்டுமே 56 யூனிட் மின்சாரம் கொள்ளும். அவ்வளவும் வெப்பமாகவே வெளிவரும். நாகபுரியின் கோடையிலும் தில்லியின் கோடையிலும் சிற்றறையில் தொழில் செய்வோர், குளிரூட்டும் செலவையும் இதனோடு கூட்டிக்கொள்ளவேண்டும்.

எனவே, 'எது சிறந்தது?' என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதை நேயர்கள் உணர்ந்திருப்பீர்கள். கேள்வியை ஐந்தாகப் பகுத்துக்கொண்டால் விடை தானே தோன்றும். நம் வேலையில் நேரம் எங்கே கழிகிறது, கைவேகத்திலா, வாயிலிலா? நமக்கு எவ்வளவு நினைவகம் தேவை, அதற்குரிய தகடுகள் அனைத்தும் கணக்கில் சேர்ந்தனவா? வரைகலை அட்டைகள் எத்தனை? ஓர் எண் புரண்டால் நமக்கு நேரும் கேடு என்ன? தாய்ப்பலகையும் குளிரூட்டியும் சேர்த்து மொத்த விலை யாது? இந்த ஐந்தையும் ஒரு தாளில் தமிழிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள். கடையில் எந்த மொழியில் வேண்டுமாயினும் கேட்கலாம். சிந்திப்பது நம் மொழியில் நடக்கட்டும். தம் சொந்தக் கோப்பு ஒன்றைக் கொண்டுபோய், இரண்டு கணிப்பொறியிலும் ஓட்டிக் காட்டுமாறு கேட்க முடிந்தால், அதைவிட நல்ல சான்று வேறில்லை.

நம்மைப் போல் எழுத்துவேலை மட்டும் செய்வோர்க்கு இவ்விரண்டுமே வேண்டா. சாதாரணக் கணிப்பொறியே போதும். மிஞ்சிய பணத்தில் ஊருக்கு ஒருமுறை போய்வரலாம்.