முதுகினுள் உலோகம்

உடைந்த பொருளை ஒட்டுகின்றவன், ஒட்டு இறுகும்வரை அதனைக் கயிற்றினாலோ கம்பியினாலோ கட்டிவைப்பான். இறுகிய பின்னர் அக்கட்டை அவிழ்த்துவிடுவான். முள்ளந்தண்டின் எலும்புகளை இணைக்கும் சத்திரசிகிச்சையிலும் நடைபெறுவது இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: ஒட்டு இறுகிய பின்னும் கட்டு அவிழ்க்கப்படுவதில்லை. திருகாணிகளும் கோல்களும் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் உடலினுள்ளேயே தங்கிவிடுகின்றன. மிகப் பலருக்கு அவை உள்ளே இருப்பதே நினைவில் இருப்பதில்லை. சிலருக்கோ அவை நாடோறும் தம்மை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

நாற்காலியிற் சாயும்போது ஓரிடத்தில் உறுத்துகின்றது. மல்லாந்து படுத்தால், பாயின் கீழ் ஏதோ கடினமான பொருள் கிடப்பதுபோல் இருக்கின்றது. குனிந்து நிமிரும்போது உள்ளே ஏதோ பற்றி இழுக்கின்றது. நோயாளி வைத்தியரிடம் செல்கின்றார்; படம் எடுக்கப்படுகின்றது; “எல்லாம் உரிய இடத்தில் இருக்கின்றன” என்ற விடை கிடைக்கின்றது. வீட்டிலோ, “சத்திரசிகிச்சைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன நோ?” என்ற கேள்வி எழுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவில் நோயுற்றவர் தனித்துப்போகின்றார். தம் முதுகை நம்புவதா, படத்தை நம்புவதா என்று அவருக்கே ஐயம் பிறந்துவிடுகின்றது.

நேயர்களே, இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு, அந்த உலோகம் எதற்காக உள்ளே வைக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

முள்ளந்தண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகளால் ஆனது. அவற்றுக்கிடையே உள்ள அசைவே நாம் குனிவதற்கும் திரும்புவதற்கும் துணைசெய்கின்றது. அந்த அசைவே தாங்கொணா நோவுக்குக் காரணமாகும்போதும், முதுகு ஒரு பக்கமாக வளைந்து செல்லும்போதும், எலும்பு முறிந்து நிலைகுலையும்போதும், இரண்டு அல்லது பல எலும்புகளை ஒன்றாக வளரச்செய்து அவற்றின் அசைவை நிறுத்துவதே இணைப்புச் சத்திரசிகிச்சையாகும். 1911ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து வைத்தியர்களான ரசல் ஹிப்ஸ், பிரெட் அல்பீ ஆகிய இருவரும் இம்முறையைத் தனித்தனியே வெளியிட்டனர். முள்ளந்தண்டைப் பற்றிய காசநோயே அவர்கள் முதலிற் கருதிய நோய். அவர்கள் முறையில் உலோகம் இல்லை. எலும்பை எலும்போடு வளரவிட்டனர். அது வளரும்வரை நோயாளி பாரிசுச் சாந்துக் கட்டினுள் மாதக் கணக்காகக் கிடக்க வேண்டியிருந்தது.

அசையாது கிடத்தல் என்னும் இந்தத் தண்டனையைக் குறைக்கவே உலோகம் உட்புகுந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில், இளம்பிள்ளைவாதத்தினால் முதுகு வளைந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்துவந்தவர் போல் ஹாரிங்டன் என்னும் வைத்தியர். தசைகள் செயலிழந்தமையால் அக்குழந்தைகளின் முதுகு வளைந்து, மூச்சுக்கும் இடமின்றி மார்பு நெருங்கிற்று. இறுக்கமான சாந்துக் கட்டையும் அவர்களாற் பொறுக்க முடியவில்லை. ஆகவே, கொளுக்கிகளும் உருக்குக் கோலும் கொண்டு முதுகை உள்ளிருந்தே நிமிர்த்தும் வழியை அவர் வகுத்தார்; 1962ஆம் ஆண்டில் அதனை விரிவாக வெளியிட்டார். அடுத்த ஆண்டில், 1963இல், பாரிஸ் நகரத்தில் ரேமொண் ருவா-கமீய் என்பவர் முள்ளெலும்பினுள்ளேயே திருகாணிகளைச் செலுத்தத் தொடங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் முறை இவற்றின் வழிவந்ததே.

ஹாரிங்டன் தம் அனுபவத்தினாற் கண்ட உண்மை ஒன்று இங்கே மிக முக்கியமானது. எலும்பை இணைக்காமல் கோலை மட்டும் வைத்தபோது கொளுக்கிகள் நழுவின, கோல்கள் முறிந்தன. கம்பி ஒன்றை முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் அது ஈற்றில் முறிந்துவிடும் என்பதைச் சிறுவரும் அறிவர். உடலின் ஓயாத அசைவுக்கு உருக்கும் விலக்கன்று. எனவே ஒவ்வொரு இணைப்பும் ஓர் ஓட்டப் பந்தயமாகும். எலும்பு முந்தி ஒட்டிக்கொண்டால் உலோகம் ஓய்வு பெறும். எலும்பு பிந்தினால் உலோகம் களைத்து முறியும், அல்லது தளர்ந்துபோகும். எலும்பு நன்கு ஒட்டுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரையும், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். உலோகம் முட்டுக்கால் மாத்திரமே; கூரையைத் தாங்கவேண்டிய தூண் எலும்பேயாகும்.

இதனை விளங்கிக்கொண்டால், “கம்பி நோ” என்று ஒரே பெயராற் சொல்லப்படுவது உண்மையிற் பல நோக்கள் என்பது புலப்படும்.

முதலாவது, துருத்தலால் வருவது. திருகாணியின் தலையோ கோலின் முனையோ தோலுக்கு அண்மையில் இருந்தால், அதன் மேலுள்ள தசை உராய்ந்து புண்படும். சிலவேளை அவ்விடத்தில் நீர்கோத்துக்கொள்ளும். மெலிந்த உடலினருக்கு இது மிகுதி. இவர்கள் நோகும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவர். அழுத்தினால் நோகும், அழுத்தம் நீங்கினால் தணியும். இது தொல்லையே அன்றிப் பெரும்பாலும் ஆபத்தன்று.

இரண்டாவது, எலும்பு ஒட்டாமையால் வருவது. சத்திரசிகிச்சையின் பின் சில மாதம் சுகமாயிருந்து, பிறகு நோ மெல்ல மெல்ல மீளும். எழும்போதும் திரும்பும்போதும் கூடும். மரத்தில் அறைந்த ஆணியை அசைக்க அசைக்க அதன் துளை பெருப்பதுபோல், திருகாணியைச் சூழ்ந்த எலும்பு தேய்ந்து இடைவெளி விழும். இதனைச் சாதாரண எக்ஸ்-கதிர்ப் படம் எப்போதும் காட்டிவிடாது, சிலருக்கு சீ.ரீ. படம் எடுத்தே அறிய வேண்டியிருக்கும். “படம் நன்றாக இருக்கின்றது” என்ற சொல் இறுதித் தீர்ப்பாகாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, அயலில் வருவது. இணைந்த பகுதி அசையாதாகையால் அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அதிக பாரத்தை ஏற்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை தேய்ந்து நோவைத் தரலாம். இங்கே குற்றவாளி உலோகமன்று. அதனை எடுத்துவிட்டாலும் இந்நோ நீங்காது.

நான்காவது, முதுகின் வடிவம் மாறியதால் வருவது. ஹாரிங்டனின் கோல் நேரானது. இடுப்பின் பின்புறத்தில் இயற்கையாய் அமைந்த உள்வளைவை அது தட்டையாக்கிற்று. அதனால், கோல் இடுப்பின் கீழ்ப்பகுதிவரை நீண்டிருந்தவர்களுட் பலர், காலப்போக்கில் நேரே நிற்கமாட்டாது முன்சாய்ந்து, முழங்காலை மடித்து நிற்க நேர்ந்தது. 1960களில் அக்கோலைப் பெற்ற சிறுமியருட் பலர் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். நிமிர்ந்த முதுகை அவர்களுக்குத் தந்ததும் அக்கோலே. நிற்கும்போது களைப்பைத் தந்ததும் அக்கோலே. பின்வந்த வைத்தியர்கள் கோலை இயற்கை வளைவுக்கு ஏற்ப வளைத்து அமைக்கக் கற்றமைக்கு அவர்களுடைய முறைப்பாடுகளும் ஒரு காரணமாயின.

இந்நான்கின் வேறாக, தாமதிக்கக் கூடாத அறிகுறிகளும் உள. காய்ச்சல், தழும்பு சிவந்து வீங்குதல், சீழ் கசிதல் ஆகியன கிருமித்தொற்றைக் குறிக்கலாம். அது சத்திரசிகிச்சை நடந்து ஆண்டுகள் சென்ற பின்னும் தோன்றக்கூடும். காலிற் புதிதாக வலிமை குறைதல், தொடைகளின் இடையே மரத்துப்போதல், மலசலத்தை அடக்கவோ கழிக்கவோ இயலாமை ஆகியன நரம்பு நெருக்கப்படுவதைக் குறிக்கும். இவற்றுள் எது தோன்றினும் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

“எலும்பு ஒட்டிவிட்டதாயின் உலோகத்தை எடுத்துவிட்டால் என்ன?” என்பது பலருடைய நியாயமான கேள்வி. எடுத்தல் இயலாததன்று, துருத்திக்கொண்டிருக்கும் திருகாணியை அகற்றியதால் ஆறுதல் பெற்றோர் உளர். ஆயினும் அதுவும் ஒரு சத்திரசிகிச்சையே. மயக்கமருந்து, இரத்தப்போக்கு, தொற்று என்னும் அபாயங்கள் அதற்கும் உண்டு. வளைவைத் திருத்தியவர்களுக்குத் திருத்தம் ஓரளவு குலையவும் கூடும். எல்லாவற்றிலும் மேலாக, நோவுக்குக் காரணம் உலோகமன்றாயின் எடுத்தும் பயனில்லை. ஆகவே, வைத்தியர்கள் சிலவேளை ஒரு சோதனை செய்வர். உலோகத்தைச் சூழ்ந்த இடத்தில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் ஏற்றி, சில மணிநேரம் நோ தணிகின்றதா என்று பார்ப்பர். தணிந்தால் சந்தேகம் உலோகத்தின்மேல் வலுக்கும். தணியாவிடின் வேறிடத்தில் தேடவேண்டும். காரணத்தைக் காணாமல் கம்பியைக் கழற்றுதல், கூரை ஒழுகுகின்றதென்று சுவரை இடிப்பதை ஒக்கும்.

எடுக்க வேண்டாத உலோகத்தோடு வாழ்வதற்கும் ஒரு முறை உண்டு. படுக்கையிலிருந்து எழும்போது இடுப்பை முறுக்காமல், மரக்குற்றி உருள்வதுபோல் உடல் முழுவதையும் ஒருபக்கம் திருப்பி, காலைக் கீழே விட்டுக் கையூன்றி எழல் நன்று. கீழே கிடப்பதை எடுக்கையில் முதுகை வளைக்காது, இடுப்பு மூட்டையும் முழங்காலையும் மடித்தல் வேண்டும். நாற்காலியில் உறுத்தும் இடத்துக்கு மேலும் கீழும் துணிமடிப்பு வைத்து, அவ்விடம் வெறுமையாய் இருக்கச் செய்யலாம். இடுப்புப் பட்டியும் உள்பாவாடை நாடாவும் தழும்பின்மேல் இறுகாதபடி சற்று மேலோ கீழோ அமையலாம். நோவுக்கு அஞ்சிப் படுத்தே கிடத்தல் தவறு. முதுகைத் தாங்கும் தசைகள் வற்ற வற்ற உலோகம் மேலும் துருத்தும். வைத்தியர் அனுமதித்த நடையும், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் கற்பித்த பயிற்சியும் நாடோறும் வேண்டும். புகையிலையை விடுதல் இன்றியமையாதது. அதிலுள்ள நிக்கோட்டின் எலும்பு ஒட்டுவதைத் தடைசெய்கின்றது. நோவுகொல்லி மாத்திரைகளைத் தாமாகவே நெடுநாள் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும்.

இன்னுமொன்று. எந்த நேரத்தில், எந்த இருக்கையில், எந்த இடத்தில் நோகின்றது, எதனாற் கூடுகின்றது, எதனாற் குறைகின்றது என்பதை ஒரு கொப்பியில் இரண்டு வாரம் குறித்துவைத்தல் மிகப் பயனுடையது. “எப்போதும் நோகின்றது” என்னும் சொல்லிலிருந்து வைத்தியர் அறிவது சிறிது. “வலப்பக்கம் சரிந்து படுத்தால் அரைமணியில் இவ்விடம் நோகின்றது” என்னும் சொல்லிலிருந்து அவர் அறிவது பெரிது. எந்த எலும்புகள் இணைக்கப்பட்டன, உலோகம் உருக்கா டைட்டானியமா, எந்த ஆண்டு என்னும் விபரங்களையும் எழுதிவைத்தல் நன்று. காந்தப் படம் எடுக்குமுன் அவ்விபரத்தைக் கட்டாயம் தெரிவித்தல் வேண்டும்.

வெளியே தெரியாத குறையுடையவரை உலகம் எளிதில் நம்புவதில்லை. ஊன்றுகோல் பிடித்தவருக்கு இருக்கை கொடுப்போர், நிமிர்ந்து நிற்பவரின் முதுகினுள் என்ன இருக்கின்றதென்று கேட்பதில்லை. பிரித்தானிய இளவரசி யூஜினி பன்னிரண்டு வயதில், 2002ஆம் ஆண்டில், முதுகு வளைவுக்காக டைட்டானியக் கோல்கள் பொருத்தப்பட்டவர். 2018இல் நடந்த தம் திருமணத்தன்று, தழும்பு யாவருக்கும் தெரியும்வண்ணம் முதுகு திறந்த ஆடையை விரும்பி அணிந்தார். மறைப்பதற்குரிய இழிவு அதில் இல்லை என்பதே அதன் கருத்து. எல்லோரும் தழும்பைக் காட்டவேண்டுவதில்லை. ஆயின் நோவை வெட்கப்பட்டு ஒளித்துவைக்கவும் வேண்டுவதில்லை.

வீட்டார் செய்யக்கூடிய உதவி பெரிதன்று, ஆனால் அரிது. நோகின்றது என்பவரை முதலில் நம்புதல் வேண்டும். அடுத்து, அச்சத்தைப் பெருக்காது, காரணத்தைத் தேட அவருக்குத் துணைநிற்றல் வேண்டும். நோவை நம்புதல் வேறு, ஒவ்வொரு நோவையும் ஆபத்தென்று கொள்ளுதல் வேறு. இவ்வேறுபாட்டை அறிந்த வீட்டில், முதுகினுள் உலோகம் தாங்கியவர் தம் நோவைச் சொல்லத் தயங்கமாட்டார். சொல்லத் தயங்காதவருக்கே உரிய சிகிச்சை உரிய காலத்தில் வாய்க்கும்.