எதைத் தாங்கும்?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



'அமெரிக்காவில் கற்றதைச் சொல்லுங்கள்' என்றார்கள். அங்கே நான் தலைகுனிந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

அரிசோனாவில் என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அவர் தாத்தாவின் துப்பாக்கி இருந்தது. வின்செஸ்டர் 1873 மாடல். அடியில் உள்ள லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அதற்குரிய 44-40 தோட்டா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, விலையும் ஜாஸ்தி. "இதை 44 மேக்னத்துக்கு மாற்ற முடியுமா? நீங்கள் என்ஜினியராச்சே!" என்று கேட்டார். நானும் ஜம்பமாக, "குழலை மாத்தினா முடிஞ்சுது, லேத் வேலைதானே!" என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் துப்பாக்கி பழுது பார்க்கும் ஒருவரிடம் போனோம். அவர் குழலைப் பார்க்கவே இல்லை. பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே காட்டினார். தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்குவது, முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் இணைப்புகள்தான். "இது கரிமருந்துக் காலத்துச் சாமான். 44-40 தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,000 பவுண்டு. 44 மேக்னத்துக்கு 36,000. நீங்களே கணக்குப் போடுங்கள்" என்றார்.

போட்டேன். இரண்டு தோட்டாக்களின் அடிப்பாகமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆக, பின்னோக்கித் தள்ளும் விசை மூன்று மடங்குக்கும் மேல்! குழல் புதுசாக இருந்து என்ன பயன்? அந்த இணைப்பு விட்டுக்கொடுத்தால் எல்லாம் சுடுகிறவர் முகத்துக்குத்தான் வரும். என் வாய்ச்சவடாலால் அவருக்குக் கண்ணே போயிருக்கும்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892 மாடலில், இரண்டு எஃகுக் கட்டைகள் செங்குத்தாக ஏறிப் பூட்டிக்கொள்ளும். அதனால் அந்த மாடலைப் பிற்காலத்தில் பலர் மேக்னத்துக்கு மாற்றினார்கள். அதிலும் தோட்டாவை ஏற்றும் பாகங்களைப் புதிய தோட்டாவுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டு மாடலும் அண்ணன் தம்பி மாதிரி, உள்ளேதான் வித்தியாசம்.

பெரியவர் மாற்றும் எண்ணத்தை விட்டார். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்துவைத்து, அதே 44-40 தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொண்டார். என்மேல் கோபப்படவும் இல்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. இந்த வளாகத்தில், கரும்பலகையில் எழுதிக் கொடுத்ததுதான். பரீட்சையில் எழுதினேன், தேவைப்பட்ட அன்று மறந்தேன்.

இளைய என்ஜினியர்களே, பழைய சாமான் கைக்கு வந்தால், 'எப்படி மாற்றலாம்' என்பதற்கு முன்னால் 'எதைத் தாங்கும்' என்று கேளுங்கள்.