மைதான ஓரத்துப் புகை





அஸர் தொழுகைக்குப் பின்னர் எமது ஊர் மைதானங்களில் சிறுவர்கள் பந்தின் பின்னே ஓடுவதைப் பார்க்கின்றோம். எல்லைக் கோட்டருகே நின்று அவர்களை உற்சாகப்படுத்தும் பெரியவர்கள் சிலரின் விரலிடுக்கில் சிகரட் புகைந்து கொண்டிருக்கும். திறந்தவெளிதானே, காற்று அள்ளிச் சென்றுவிடும் என்பது அவர்களது சமாதானம். காற்று அள்ளிச் செல்வது உண்மைதான்; ஆனால் அருகில் நிற்கும் பிள்ளையின் நெஞ்சைத் தொட்ட பின்னரே அது செல்கின்றது.

சிறுவர்கள் இயல்பிலேயே பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுபவர்கள். ஓடி விளையாடும் வேளையில் அது பன்மடங்காகின்றது. சுவாசப்பைகளோ இன்னும் வளர்ச்சி பூர்த்தியாகாதவை. சிகரட் புகையில் 7,000க்கு மேற்பட்ட இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோயை உண்டாக்கவல்லவை. ஆஸ்துமா உள்ள பிள்ளையாயின் சிறிதளவு புகையே மூச்சுத் திணறலைத் தூண்டிவிடலாம்.

விளையாட்டையும் சிறுவர் உள்ளத்தையும் பிணைக்கும் கயிறு எத்துணை வலிமையானது என்பதைப் புகையிலைக் கம்பனிகள் எம்மைவிட நன்கறிந்திருந்தன. 1996 மார்ச் 17ஆம் திகதி லாஹூரில் எமது நாட்டு அணி வென்றெடுத்த உலகக் கிண்ணத்தின் பெயர் என்ன? வில்ஸ் கிண்ணம். வில்ஸ் என்பது சிகரட்டின் பெயர். 1992ஆம் ஆண்டின் கிண்ணமும் பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் என்னும் சிகரட்டின் பெயரையே தாங்கியிருந்தது. வெற்றியைக் கொண்டாடிய பிள்ளைகளின் நாவில் அப்பெயர்களும் சேர்ந்தே குடியேறின. பின்னர் 2002ஆம் ஆண்டு கொரியாவிலும் ஜப்பானிலும் நடைபெற்ற உலகக் கிண்ண உதைபந்தாட்டம் புகையிலையற்ற போட்டியாக அறிவிக்கப்பட்டது.

எமது நாட்டின் 2006ஆம் ஆண்டு 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் அனுசரணையையும் தடுத்தது. 21 வயதுக்குட்பட்டோருக்குச் சிகரட் விற்பதைக் குற்றமாக்கியது. மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதை விலக்கியது. கம்பனியின் பதாகை மைதானத்திலிருந்து அகன்றது. ஆனால் தந்தையே பதாகையாக நின்றால் எச்சட்டம் என்ன செய்யும்? விளையாட்டை இடைநிறுத்தி, "மகன், கடைக்குப் போய் ஒரு சிகரட் வாங்கி வா" என்று பிள்ளையை ஏவுவோரும் உளர். அங்கே கடைக்காரரும் குற்றவாளியாகின்றார்.

பச்சை வெங்காயம், உள்ளிப்பூண்டு உண்டவர் அதன் வாடையோடு பள்ளிவாசலுக்கு வரவேண்டாம் என நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்தார்கள். உண்பதற்கு ஆகுமான உணவின் வெறும் வாடைக்கே இந்தக் கட்டுப்பாடு. நஞ்சு கலந்த புகையைப் பிறர் பிள்ளைமீது ஊதுவதை எங்கே வைப்பது?

விளையாட்டுக் கழகச் செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப்போட்டியின் அறிவித்தலிலேயே, மைதானத்திலும் அதன் வாயிலிலும் புகைக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள். பயிற்றுவிப்பாளருக்கும் நடுவருக்கும் அதுவே விதியாகட்டும். போட்டி முடிந்ததும் சிகரட் அடிக்கட்டைகளைப் பொறுக்கி அகற்றுங்கள். தவழும் குழந்தைகள் அவற்றை வாயிலிடுகின்றன, எஞ்சிய நிக்கட்டின் அவர்களுக்கு நஞ்சு. புகைப்பதை இன்னும் விடமுடியாத சகோதரர்களை ஏசி விரட்ட வேண்டாம். பிள்ளைகள் விளையாடும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு மாத்திரம் சிகரட் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வருமாறு கேளுங்கள்.