நண்பர் சொல்லும் கலோரிக் கணக்கு: திருத்தலாமா, விட்டுவிடலாமா?

கேமரன் மலை தேயிலைத் தோட்டப் பகுதி மூத்தோருக்கான சுகாதார உரை



பிள்ளைகள் வாங்கித் தந்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போகிறவர்கள் இப்போது நம்மிடையே பலர் இருக்கிறார்கள். சிலர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நடந்து முடித்ததும் அது ஒரு கணக்குச் சொல்கிறது. இத்தனை அடி, இத்தனை கலோரி என்று. அந்தக் கணக்கு உடனே வாட்சாப் குழுவுக்கும் வந்துவிடுகிறது. "இன்றைக்கு 600 கலோரி எரித்துவிட்டேன்" என்று நண்பர் போடுகிறார். அவர் கோயில் வரை போய்த் திரும்பிய அரை மணி நேரம்தான் நடந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ஏனென்றால் நீங்களும் கூடவே நடந்தீர்கள்.

இப்போது என்ன செய்வது? "இது சரியான கணக்கு இல்லை" என்று சொல்வதா? சொன்னால் மனத்தாங்கல் வருமே என்று பேசாமல் இருந்துவிடுவதா?

பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் நம் வயதில் இருக்கும் நோய்களை நினைத்துப் பாருங்கள். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. வயது கூடக்கூட இவை இரண்டும் கூடுகின்றன. இந்த நோய்கள் உள்ளவர், தவறான ஓர் எண்ணை நம்பிச் சாப்பாட்டையோ மருந்தையோ மாற்றினால் உடம்புக்குக் கேடு வரும். ஆகவே எப்போது விட்டுவிடலாம், எப்போது சொல்லியே ஆக வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

கடிகாரம் ஏன் தவறாகச் சொல்கிறது?

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் நண்பர் பொய் சொல்வதில்லை. கடிகாரம் காட்டியதை அப்படியே சொல்கிறார். அந்தக் கடிகாரம் கலோரியை நேராக அளப்பதில்லை. கை ஆடுவதையும் இதயத் துடிப்பையும் வைத்து, நீங்கள் பதிந்து கொடுத்த வயதையும் எடையையும் சேர்த்து, ஓர் ஊகம் சொல்கிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஏழு வகைக் கைக்கடிகாரங்களைச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு நன்றாகவே அளந்தன. கலோரிக் கணக்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்லதாக இருந்த கடிகாரமே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு தவறியது.

நம் தோட்டத்து வாழ்க்கையில் இந்தத் தவறு எப்படியெல்லாம் வரும் என்று பாருங்கள். சப்பாத்தி மாவு பிசைந்தால் கை ஆடும். பஜனையில் தாளம் போட்டால் கை ஆடும். வீட்டு முன்னால் செடியில் இலை பறித்தாலும் கை ஆடும். கடிகாரம் இவற்றையும் நடையாக எண்ணிவிடலாம். மறுபுறம், கைத்தடி ஊன்றி நடப்பவரின் கை அதிகம் ஆடாது. உண்மையில் நடந்த அடிகள் கணக்கில் விட்டுப்போகும். இரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலோல், பிசோப்ரோலோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதயத் துடிப்பு குறைவாகவே ஏறும். அவர்கள் மூச்சு வாங்க மேடு ஏறினாலும் கடிகாரம் குறைத்துச் சொல்லலாம். எடையைப் பதியும்போது பேரன் தன்னுடைய எடையைப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்தில் கொழுந்து நிறுத்ததை நினைத்துப் பாருங்கள். கூடையோடு நிறுத்த எடை முழுவதும் இலையின் எடை ஆகாது. கூடையின் எடையைக் கழிக்க வேண்டும். மழை நாளில் இலையோடு ஒட்டிய தண்ணீரும் தராசில் ஏறும். கலோரியும் அப்படித்தான். நாம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சுவிடவும் இதயம் துடிக்கவும் உடம்பு கலோரியைச் செலவழிக்கிறது. சில கடிகாரங்கள் அதையும் சேர்த்தே காட்டும். அதைக் கழித்தால்தான் நடையின் உண்மையான எடை தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் சாதாரண வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 100 கலோரி செலவாகும். அதில் ஏறக்குறைய 30, சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாகப் போனது 70 கலோரி அளவுதான். நம் ஊரில் சமதரை குறைவு. மேடு ஏறினால் இதைவிடக் கூடும். ஆனாலும் அரை மணி நேர நடையில் 600 வராது.

விட்டுவிடலாம் என்கிற நேரம்

நண்பர் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார், நாளைக்கும் நடக்க வருகிறார், சாப்பாடும் மருந்தும் வழக்கம்போல இருக்கின்றன என்றால், விட்டுவிடுங்கள். 600 என்பது 100 ஆனால் என்ன, 90 ஆனால் என்ன? அவர் நடந்த அரை மணி நேரம் உண்மை. அந்த நடை அவருடைய இரத்தச் சர்க்கரைக்கும், இரத்த அழுத்தத்துக்கும், மூட்டுக்கும், தூக்கத்துக்கும் நல்லது.

மனநிலைக்கும் நல்லது. நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் தனியாக இருக்கும் பலருக்குக் காலை நடைதான் நாலு பேரைப் பார்க்கும் நேரம். குழுவில் எல்லார் முன்னாலும் "உங்கள் கணக்குத் தப்பு" என்று எழுதினால், கணக்குத் திருந்துகிறதோ இல்லையோ, மறுநாள் அவர் வராமல் போகலாம். ஒரு எண்ணைத் திருத்தப் போய் ஒருவருடைய நடையை நிறுத்திவிடக் கூடாது.

சொல்லியே ஆக வேண்டிய நேரம்

மூன்று இடங்களில் பேசாமல் இருக்கக் கூடாது.

முதலாவது, சாப்பாடு. "600 எரித்தாயிற்று, இனி எது சாப்பிட்டாலும் கவலை இல்லை" என்று நடை முடிந்த கையோடு கடைக்குப் போகும் பழக்கம். ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. ஒரு கிளாஸ் தே தாரிக் சுமார் 180 கலோரி. இரண்டும் சேர்ந்தால் 480. நடையால் கூடுதலாகப் போனது 70 அல்லது 100. நடந்த பிறகு உடம்பில் சேர்வதுதான் அதிகம். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் காலையிலிருந்து கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கினோம். அந்த உழைப்புக்கு அந்தச் சாப்பாடு ஈடானது. ஓய்வு பெற்ற பிறகு உழைப்பு குறைந்துவிட்டது, சாப்பாட்டின் அளவு பலருக்குக் குறையவில்லை.

இரண்டாவது, மருந்து. "இவ்வளவு நடக்கிறேனே, மாத்திரை எதற்கு?" என்று நண்பர் சொல்ல ஆரம்பித்தால், அன்றைக்கே பேசுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளைக் குறைப்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையும் இரத்த அழுத்த அளவும் வேண்டும். கைக்கடிகாரத்தின் கலோரி எண் அதற்கு உதவாது.

மூன்றாவது, உடம்பை மீறிப் போவது. குழுவில் இன்னொருவர் 700 போட்டுவிட்டார் என்பதற்காக, சாப்பிடாமல் கிளம்பிப் பனியிலும் ஈரச் சரிவிலும் வேகமாக நடப்பவர்கள் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிலிக்லாசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆபத்து. இரத்தச் சர்க்கரை 4க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, தலைசுற்றல், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்படி ஆனால் உடனே உட்கார வைத்து, சுயநினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். சுயநினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். நெஞ்சு வலி வந்தாலும், மூச்சுத் திணறினாலும் அப்படியே அழையுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், அந்த எண் பெருமைக்கு மட்டும் பயன்பட்டால் விட்டுவிடலாம். அந்த எண்ணை வைத்து உணவு, மருந்து, உடம்பு பற்றி முடிவெடுத்தால் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது?

குழுவில் எழுத வேண்டாம். தனியாக, நடக்கும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். ஆளைக் குறை சொல்லாமல் கடிகாரத்தின் மேல் பழியைப் போடுங்கள். "அக்கா, இந்தக் கடிகாரம் பல நேரம் கலோரியைத் தப்பாத்தான் காட்டுதாம். என்னுடையதும் அப்படித்தான். இதை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டிடாதீங்க" என்றால் யாருக்கும் கோபம் வராது. நம்மைவிட மூத்தவரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் கேள்வியாகக் கேளுங்கள். "அண்ணே, போன தடவை கிளினிக்கில் சர்க்கரை எவ்வளவு இருந்தது?" அந்தக் கேள்வி பேச்சைச் சரியான எண்ணுக்குக் கொண்டுபோய்விடும்.

ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். தினமும் சொன்னால் அறிவுரை சண்டையாகிவிடும். மருந்தை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தால் மட்டும் விடாதீர்கள். அடுத்த கிளினிக் நாளில் அவரோடு கூடவே போங்கள், அல்லது அவருடைய பிள்ளையிடம் சொல்லுங்கள்.

குழுவில் கலோரிக்குப் பதிலாக நிமிடத்தை எண்ணுங்கள்

யாரையும் திருத்தாமலே சிக்கலைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. குழுவில் எல்லாரும் கலோரியை விட்டுவிட்டு, நடந்த நிமிடத்தைப் போடுங்கள். நிமிடத்தைக் கணக்கிட எந்த ஊகமும் வேண்டாம். சுவர்க் கடிகாரமே போதும்.

அடி எண்ணிக்கையிலும் மனம் கெட வேண்டாம். தினமும் 10,000 அடி என்பது மருத்துவர்கள் கண்டுபிடித்த எல்லை இல்லை. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி, 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்றது. அந்தக் கருவிக்கு வைத்த பெயரின் பொருளே "பத்தாயிரம் அடி அளவி" என்பதுதான். அதைவிடக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது இது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. தினம் அரை மணி நேரமாக ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடும். தசை வலுவுக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள் வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், விழுந்துவிடாமல் இருக்க, நிலைதடுமாறாமல் நிற்கும் பயிற்சிகளை வாரம் மூன்று நாள் செய்ய வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

மிதமான வேகம் எது என்று தெரிந்துகொள்ளக் கருவி தேவையில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் நண்பர் இருந்தால் இந்தச் சோதனை தானாகவே நடந்துவிடும்.

நம் மலைப் பாதைக்கு இன்னும் சில குறிப்புகள். வெயில் வந்து பாதை கொஞ்சம் காய்ந்த பிறகு கிளம்புங்கள். வழுக்காத காலணி போடுங்கள். பனிமூட்டத்தில் வெளிர் நிறச் சட்டை அணிந்து, வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் ஓரமாக நடங்கள். இறங்கும்போது முட்டிக்குச் சுமை அதிகம், மெதுவாக இறங்குங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்கும் கலோரி எண்ண வேண்டியதில்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, பருப்பு அல்லது முட்டை. சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று சொல்லி வருவது இதைத்தான். கடையில் உட்கார்ந்தால் தே தாரிக்குக்குப் பதிலாகச் சர்க்கரை போடாத தே ஓ கேளுங்கள். நம் மலைத் தேயிலையின் மணம் அதில்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கைக்கடிகாரத்தையும் கட்டிக்கொண்டு போங்கள். வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்று தாதியிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். உங்கள் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடையின் பலன் அந்த எண்களில்தான் தெரியும். கலோரிக் கணக்குப் போடும் நண்பரையும் கூடவே அழைத்துப் போங்கள்.