நீலம் பூசிய மூவாயிரம் பேர்

இன்று நான் பேசப்போகும் படங்களை நல்லவேளையாக வானொலியில் காட்ட முடியாது. அதனால் பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தாலும் ஒலியைக் குறைக்க வேண்டாம்.

ஸ்பென்சர் டூனிக் என்று ஓர் அமெரிக்கப் புகைப்படக்காரர். 1967-ல் பிறந்தவர். ஊரின் நடுவே, தெருவிலும் சதுக்கத்திலும் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் பொட்டுத் துணியில்லாமல் நிறுத்திப் படம் எடுப்பவர். 1992-ல் நியூயார்க் தெருக்களில் இந்த வேலையைத் தொடங்கினார். போலீஸ் பலமுறை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. நகர நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார், 2000-ல் அது அவர் பக்கம் முடிந்தது. வழக்கின் கதை நீளமானது, எனக்கு அதில் அவ்வளவு ருசியும் இல்லை. என் ருசியெல்லாம் கூட்டத்தை நிறுத்துகிற விதத்தில்தான்.

ஏனென்றால் நான் பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுத்துப் பிழைத்தவன். உங்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு படத்தில் கைகட்டி நின்றிருப்பீர்கள். குட்டையானவர்கள் தரையில், ஆசிரியர்கள் நாற்காலியில், நெட்டையானவர்கள் பின்னால் பெஞ்சின் மேல். ஒரு பள்ளியில் எல்லாரும் வெள்ளைச் சட்டை, ஒரு பையன் மட்டும் பிறந்தநாள் என்று சிவப்புச் சட்டையில் வந்துவிட்டான். எங்கே நிறுத்தினாலும் கண் நேராக அவனிடம்தான் போய் விழுந்தது. கடைசியில் தலைமையாசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார வைத்தேன். படத்தில் அவன் தலை மட்டும் தெரிகிறது, அதிலும் ஏகப்பட்ட கோபம்!

டூனிக்கின் சூட்சுமம் அந்தப் பையனை நினைத்தால் விளங்கிவிடும். அவர் படத்தில் உடம்புதான் சீருடை. ஒருவர் மட்டும் ஆடையில்லாமல் நின்றால் அது நிர்வாணம். ஆயிரம் பேர் நின்றால் கண் ஆளை விட்டுவிட்டு நிறத்தையும் வரிசையையும் பார்க்க ஆரம்பிக்கிறது. 2007 மே மாதம் மெக்சிகோ நகரத்தின் சோகலோ சதுக்கத்தில் சுமார் 18,000 பேர் திரண்டார்கள். ஒன்றாக நின்றவரை எல்லாருக்கும் ஒரே சீருடை. பிறகு பெண்களை மட்டும் தனியாக எடுத்தபோது, உடை போட்டுக்கொண்டு வந்த ஆண்கள் சிலர் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பெண்கள் கொதித்துப் போனார்கள். சட்டை போட்டவன் வந்து நின்றதும் அந்த இடத்துக்கு நிர்வாணம் திரும்பி வந்துவிட்டது பாருங்கள்.

எனக்கு ரொம்பவும் பிடித்தது இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் எடுத்தது. 2016 ஜூலை 9, விடியற்காலை. அந்த ஊரின் ஃபெரன்ஸ் கலைக்கூடம் கேட்டுக்கொண்டதால் டூனிக் வந்திருந்தார். 3,200 பேர், இளைஞர்களிலிருந்து பல்லுப்போன தாத்தாக்கள் வரை. ஒவ்வொருவரும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலச் சாயம் பூசிக்கொள்ள வேண்டும். ஒரே நீலமும் இல்லை, நான்கு விதம். அந்தக் கலைக்கூடத்தில் இருக்கும் பழைய கடல் ஓவியங்களிலிருந்து எடுத்த நிறங்கள். முதுகு நமக்கு எட்டாதே, நேயர்களே, என்ன செய்வது? முன்பின் தெரியாத பக்கத்து ஆள்தான் பூசிவிட வேண்டும்.

ஹல் கடலை நம்பி வளர்ந்த துறைமுக ஊர். அன்று அவர்கள் கூடிய குவீன்ஸ் கார்டன்ஸ் பூங்கா ஒரு காலத்தில் கப்பல்கள் நின்ற துறை. 1930-களில் அதை மண்கொட்டித் தூர்த்துப் பூங்காவாக்கினார்கள். தண்ணீர் போன இடத்துக்கு அந்த ஊர்க்காரர்களே நீலமாக வந்து நிரம்பினார்கள். இதைப் படத்தில் பார்த்தபோது என் தொழில்மேல் எனக்கே மரியாதை கூடியது.

அத்தனை பேருக்கும் சம்பளம் கிடையாது. கலந்துகொண்டவர்களுக்குப் படத்தின் பிரதி ஒன்று, அவ்வளவுதான். கல்யாண வீட்டு ஆல்பம் வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது தன் முகத்தை. "என்னை மறைச்சிட்டியேப்பா" என்று மாப்பிள்ளையின் மாமா ஒருவர் சண்டைக்கே வந்திருக்கிறார். ஹல் படத்தில் மாமா எங்கே போய்த் தேடுவார்?

நிலையத்து நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சிட்னி ஓப்பரா ஹவுஸ் வாசலில் 2010-ல் 5,200 பேர் நின்றதைச் சொல்ல நேரமில்லை. சுவிட்சர்லாந்தின் அலெட்ச் பனிப்பாறையை மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அந்தப் பனி உருகிக்கொண்டே வருகிறது என்பதை உலகம் பார்க்க வேண்டும் என்று, கிரீன்பீஸ் அமைப்போடு சேர்ந்து 2007 ஆகஸ்டில் 600 பேரைப் பனியின்மேல் வெற்றுடம்போடு நிறுத்தினார். ஊட்டிக் குளிருக்கே மூன்று ஸ்வெட்டர் போடுகிறவன் நான்!

எங்காவது கண்காட்சியிலோ புத்தகத்திலோ அந்த நீலப் படம் கண்ணில் பட்டால், முகம் தேடாமல் நாலடி பின்னால் போய் நின்று பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.